ரூபியின் சக்களத்தி

என் தம்பி ஆம்ப்ரோஸின் மனைவி ரூபிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். வெள்ளை உடம்பு, இடுப்பைச் சுற்றி ஒரு நீலக் கோடு, பெயர் இசபெல். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு படகுக் கிளப்பில் கட்டிக் கிடந்த பாய்மரப் படகு அது. டங்கன் என்ற வெள்ளைக்காரர் அதன் சொந்தக்காரர், என் தம்பி அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையாள். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார். வேலையாள் வாரம் முழுக்க அங்கேயே கிடப்பான். பிறகு யார் அதைக் கட்டிக்கொண்டவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

ரூபியைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் உப்பு கூடுதலாக இருக்கும். நான் அவளுக்கு நாத்தனார், பெயர் அற்புதமேரி. அம்மா போன பிறகு ஆம்ப்ரோஸுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். ஃபேரர் பார்க்கில், ஓவன் ரோட்டு வீட்டில், என் காலையே சுற்றிக்கொண்டிருந்த பையனை எழுபத்து நாலாம் வருடம் ரூபி கட்டிக்கொண்டு மார்சிலிங்குக்குக் கூட்டிப் போய்விட்டாள். மார்சிலிங் அப்போது எனக்கு வேறு நாடு மாதிரி. எட்டிப் பார்த்தால் ஜோகூர் தெரியும். அவ்வளவு தூரத்தில் வீடு வாங்கியது என்னிடமிருந்து அவனைப் பிரிக்கத்தான் என்று நான் அன்று நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ரூபி செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர். வீட்டுச் சுவர் உரிந்து தொங்கும், அவர் கப்பலுக்குத்தான் அடிப்பார். "கப்பலைக் கட்டிக்கிட்டவர் வீட்ல பொறந்தேன் அண்ணி, படகைக் கட்டிக்கிட்டவருக்கு வாக்கப்பட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கை வேகம், வாய் அதைவிட வேகம். பொறாமையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அடுத்த வீட்டு பாக்கியத்தின் மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஆம்ப்ரோஸ் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டான். அப்புறம் பல நாள் அந்த வீட்டில் மீன் வாசமே இல்லை.

குழம்பு வைக்கும் பெண்பிள்ளையோடு சண்டை போடலாம். படகோடு எப்படிப் போடுவது? ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்தால் வார்னிஷ் வாசம் முதலில் வரும், அவன் பின்னால் வருவான். சாப்பிடுவான், நாற்காலியில் உட்காருவான், பேச மாட்டான். சீனி டின் எங்கே இருக்கிறதென்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "அது தனியா கெடக்கும்" என்று கிளம்பிவிடுவான். வீட்டில் ஒருத்தி தனியாகக் கிடப்பது அவன் கணக்கில் வராது.

ஒருமுறை படகின் கிழிந்த பாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ரூபியின் முன்னால் வைத்தான், தைத்துத் தரச் சொல்லி. வீட்டுக்குள் அதை விரிக்க இடமில்லை. மெஷினை வெளியே அடுக்குமாடியின் பொது நடைபாதைக்கு இழுத்து, பாயை நாலு வீட்டு வாசல் நீளத்துக்கு விரித்து அவள் தைத்தாள். என்ன தைக்கிறாய் என்று பாக்கியம் கேட்டதற்கு, என் சக்களத்திக்குப் பாவாடை என்றாளாம். தையல் மட்டும் ஒழுங்காக இருந்தது. கோபத்தில் தைத்தாலும் அவளுக்குக் கோணாது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்று உண்டு.

எழுபத்தெட்டில் ரூபிக்கு ஏழாம் மாதம். ஒரு சனிக்கிழமை வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. பெண் குழந்தை, மூச்சில்லாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை பஸ் ஏறிப் படகுக்குப் போய்விட்டான். ரூபி பால் கட்டிய நெஞ்சோடு படுத்துக் கிடக்கிறாள், இவன் இசபெலுக்கு அடிப்பாசி சுரண்டப் போயிருக்கிறான். கல்நெஞ்சன் என்று வளர்த்த நானே திட்டினேன். ரூபி திட்டவில்லை. அன்றிலிருந்துதான் அவள் படகின் பெயரைச் சொல்வதை நிறுத்தினாள். 'அவ' என்பாள், அவ்வளவுதான்.

எண்பத்திரண்டில் டங்கன் கரையோரமாகவே லங்காவி வரை போய்த் திரும்பும் பெரிய பயணம் ஒன்று போட்டார். மூன்று மாதம். டங்கன், ஆம்ப்ரோஸ், நூர்தீன் என்று இன்னொரு வேலையாள், மூன்றே பேர். ஆம்ப்ரோஸ் அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ரூபி பார்த்துவிட்டாள். கல்யாணத்தன்று கூட அது இல்லை என்று என்னிடம் வந்து சொன்னாள். அன்றே வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டாள். இந்தப் பயணத்தோடு அந்தப் படகு அவரை விட்டுத் தொலைய வேண்டும், அவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும், வெள்ளியில் ஒரு படகு செய்து வைக்கிறேன்.

எங்கள் வழக்கம் தெரியும்தானே. கால் சுகமானால் வெள்ளிக் கால், கண் சுகமானால் வெள்ளிக் கண். கேட்டது கிடைத்த பிறகுதான் காணிக்கை. ரூபிக்கு அவ்வளவு பொறுமை ஏது? முதலிலேயே வைத்துவிட்டால் மாதாவுக்கு மறுக்க மனம் வராது என்று ஒரு புதுச் சட்டம் கண்டுபிடித்தாள். சிராங்கூன் ரோட்டு ஆசாரியிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆசாரி வழக்கமாகச் செய்யும் படகுக்கு இரண்டு பாய்மரம். இவள் ஒன்றுதான் வேண்டும் என்று நின்றாள், இசபெலுக்கு ஒன்றுதானாம். மாதா குழம்பிப்போய் வேறு எவன் படகையோ விற்றுவிடக் கூடாதல்லவா.

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிறியே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் காதில் விழாதது போலக் காசை எண்ணினாள். அந்த வாரமே எங்கள் பங்குக் கோயிலில் மாதா சுரூபத்தின் காலடியில், நீல நாடாவில் கோத்த வெள்ளிப் படகு தொங்கியது. ஆம்ப்ரோஸ் அதே வாரம் கிளம்பினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது, ரூபி வீட்டில் போன் கிடையாது. ஆம்ப்ரோஸ் மலாக்காவிலிருந்து பேசினான். நூர்தீன் மகள் கல்யாணத்துக்காக கிள்ளானிலேயே இறங்கிவிட்டான், டங்கனுக்கு ஆபீசிலிருந்து அவசரத் தந்தி, அவர் காரில் போய்விட்டார், படகைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டும், இன்னொரு கை வேண்டும். நான் என் வீட்டுக்காரரை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன், அவன் சொல்கிறான்: "அக்கா, ரூபியை வரச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. போன் என் வீட்டுக்கு, அழைப்பு அவளுக்கு.

ரூபி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "போறேன் லா அண்ணி. இத்தனை வருஷமா அவகிட்ட அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்." ஜெபமாலை, ஒரு டின் முறுக்கு, ஊசி நூல், குடை எல்லாம் எடுத்துக்கொண்டு மலாக்கா பஸ் ஏறினாள். பாய்மரப் படகுக்குக் குடை கொண்டுபோன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

இனி நான் சொல்வது அவள் வாயால் கேட்டது. ஒரே நாளில் கேட்டதல்ல, பல நாள் பிடுங்கிப் பிடுங்கி வாங்கியது.

படகில் கால் வைத்ததும் அவளுக்கு எரிச்சல் வந்ததாம், அவ்வளவு சுத்தம். பித்தளை மின்னுகிறது, கயிறெல்லாம் சுருட்டிச் சுருட்டி வட்டமாக இருக்கிறது. வீட்டில் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டத் தெரியாதவன் செய்தது. மலாக்காவை விட்டுக் கிளம்பியதும் வாந்தி. சேலை கடல்தண்ணீரில் ஊறிப்போய், கடைசியில் ஆம்ப்ரோஸின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். வாந்தி நின்ற பிறகு அவன் கீழே படகின் அறைக்குள் போய் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். சூடு, டின்பால், சீனி எல்லாம் அவளுக்குப் பிடித்த கணக்கில். எட்டு வருடமாக ஒருநாள்கூட அடுப்படி பக்கம் வராத மனிதன். அவள் கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டில் காட்டியதில்லை. அந்தக் காப்பியைக் குடிக்கும்போது படகைக் கொளுத்திவிடலாம் போல இருந்ததாம் அவளுக்கு.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அந்த மலை தெரிகிறதா, மூவார் அங்கே. கடலில் கம்பு நட்டுக் கட்டியிருக்கிற அந்த மீன் கேலோங் தெரிகிறதா, போன தடவை அங்கேதான் நண்டு வாங்கினோம். கோயில் பாட்டை முணுமுணுத்தான். கயிறு எங்கோ கிரீச்சென்றால் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தான். போகிற போக்கில் பாய்மரத்தை ஒரு தட்டுத் தட்டினான், மாட்டைத் தட்டுவது மாதிரி. பேச்சே இல்லாதவன் என்றல்லவா இவனை நினைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை பேச்சும் இங்கே கிடந்திருக்கிறது.

சாயங்காலம் பூலாவ் பீசாங் என்ற தீவின் மறைவில் நங்கூரம் போட்டார்கள். காற்று ஓய்ந்திருந்தது. முறுக்கு டின் நடுவில் இருந்தது. வெயில் இறங்கும் நேரம், ஆம்ப்ரோஸ் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்:

"ரூபி, நான் ஒரு பேர் வச்சிருந்தேன். ஸ்டெல்லா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முறுக்கு டின்னை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

"அடக்கத்துக்கு மறுநாள் நான் வேலைக்கு வரல. இங்க வந்து, கீழ படுத்துக்கிட்டு அழுதேன். சாயங்காலம் வரைக்கும் அழுதேன். வீட்ல அழுதா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயம். அப்புறமும் தோணும்போதெல்லாம் இங்க வந்துதான் அழுவேன்."

ரூபி அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள் என்று நான் நினைத்தேன். இல்லை. அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்ததாம். என்னிடம் இதைச் சொல்லும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்: "என் பிள்ளைக்கு அழுத கண்ணீரைக்கூட அவதான் வாங்கிக்கிட்டா அண்ணி. எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

எனக்கு மட்டும் என்ன மிச்சம்? ஸ்டெல்லா என்ற பெயரை நானும் அன்றுதான் கேட்டேன். அவன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் மேற்கே வானம் ஸ்லேட்டுப் பலகை மாதிரி கறுத்தது. சுமத்ரா காற்று. ஆம்ப்ரோஸ் சுக்கானை ரூபியின் கையில் கொடுத்து, அந்த வெள்ளை நுரையைப் பார்த்தே பிடி, விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் பாயை இறக்க முன்னால் ஓடினான். மழை வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவன் கால் வழுக்கி, ஒரு கையால் கயிற்றில் தொங்கினான். ரூபிக்கு ஜெபம் வரவில்லை. வாயில் வந்தது வசவுதான்.

"ஏண்டி, அவரை மட்டும் கீழ தள்ளின, உன்னைப் பொளந்து அடுப்புல வச்சிடுவேன். நேரா போடி."

நேராகப் போயிற்று. இழுத்துப் பிடித்தபோது முரண்டு பிடித்த சுக்கான், கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் கையோடு வந்தது. அவன் பாயை இறக்கிக் கட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து பின்னால் வந்து சேர்ந்தான். அவளைப் பார்த்தான். அவன் கால்சட்டை, இடுப்பில் கயிறு, தலைவிரி கோலம், இன்னும் வசவு நிற்காத வாய். விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை என்று அவள் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

மழை விட்டபின் அவன் சுக்கானைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளே பிடித்துக்கொண்டு வந்தாள். தஞ்சோங் பியாய் முனை தாண்டியது, நங்கூரம் போட்டு நின்ற பெரிய கப்பல்கள் வந்தன, தூரத்தில் சிங்கப்பூர்க் கட்டடங்கள் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்குக் காணிக்கை ஞாபகம் வந்தது. கோயிலில் நீல நாடாவில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. மாதாவே, கொஞ்சம் பொறுங்க, அவசரம் இல்ல, நான் தெரியாம கேட்டுட்டேன் என்று கிளப் கண்ணில் படும்வரை சொல்லிக்கொண்டே வந்தாளாம். இந்தப் படகு இருந்தால்தான் இந்த மனிதன் இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இனி அவளும் ஞாயிற்றுக்கிழமை வந்து இதில் ஏறிக்கொள்ளலாம். சக்களத்தியோடு பங்கு போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தின பெண்கள் உலகத்தில் இல்லையா என்ன.

படகுத்துறையில் டங்கன் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். அவரை ஹாங்காங்குக்கு மாற்றிவிட்டார்கள். இசபெலை ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. அடுத்த வாரம் ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆம்ப்ரோஸ் சரி சார் என்றான். குனிந்து கயிற்றைச் சுருட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததும் ரூபிக்கு அந்த ஆஸ்பத்திரிச் சுவர் ஞாபகம் வந்தது. அதே முகம்.

அப்புறம் எல்லாம் அவள் கேட்டபடியே நடந்தது. ஆம்ப்ரோஸுக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. சாயங்காலம் ஆனால் வீட்டில் இருந்தான். வார்னிஷ் வாசம் போயிற்று. மழை வந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தான். டிவியில் எந்த மொழியில் எது ஓடினாலும் அதையே பார்த்தான். ரூபி காப்பி கொடுத்தால் குடித்தான். ஸ்டெல்லா என்று அவள் ஒருமுறை வாயெடுத்தபோது எழுந்து குளிக்கப் போய்விட்டான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரூபி கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளோ பெர்த்தில் இருக்கும் ஒரு படகை நினைத்து, அது பாசிர் பாஞ்சாங்கில் இருந்தபோது எரிந்ததைவிட அதிகமாக எரிந்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கோயிலுக்கு வரச் சொன்னாள். நவநாள் முடிந்து கூட்டம் கலைந்ததும் கோயில்பிள்ளை லாசரஸிடம் நேரே போனாள். லாசரஸ் அந்தக் கோயிலில் மெழுகுவர்த்தி, பூ, காணிக்கை எல்லாம் கவனித்துவந்த பெரியவர். மாதா காலடியில் தொங்கும் அந்த ஒற்றைப் பாய்மர வெள்ளிப் படகு தன்னுடையது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்றாள்.

இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகத்தில் பரிதாபம் வந்தது.

"ஏம்மா, வேண்டுதல் நிறைவேறலையா?"

"நிறைவேறிடுச்சு அண்ணே. அதனாலதான் திருப்பிக் கேக்கிறேன்."

லாசரஸ் என்னைப் பார்த்தார். மாதாவுக்கு வைத்ததை எடுக்கிறது பாவம் என்று எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியும். அவளை அங்கேயே நாலு கேள்வி கேட்கவும் தெரியும், நாத்தனாருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் போய் அந்த நாடாவை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் எடுக்க முடிந்தது. லாசரஸ் மெழுகுவர்த்தித் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

மார்சிலிங்குக்கு அவளோடு நானும் போனேன். ஆம்ப்ரோஸ் டிவி முன்னால் இருந்தான். ரூபி வெள்ளிப் படகை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒற்றைப் பாய்மரத்தைத் தொட்டான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அவன் கத்தினான். என் தம்பி கத்தி நான் கேட்டதே இல்லை. நீதானா, நீதானா என்று கத்தினான். ஏதோ விழுந்து உருண்டது. நான் கதவில் கை வைத்துவிட்டேன். அதற்குள் கத்தல் உடைந்து அழுகையாகிவிட்டது. ஆண்பிள்ளை அழும் சத்தம், பெரிதாக, வெட்கமில்லாமல். படகுக்காக அழுதானா, பிள்ளைக்காக அழுதானா, யார் கண்டது. நடுநடுவே ஸ்டெல்லா என்று ரூபியின் குரலும் கேட்டது.

பாக்கியம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, உள்ளே போ என்று அவளை விரட்டினேன்.

அம்மா செத்த அன்று அவனுக்கு ஒன்பது வயது. அன்றுகூட என் மடியில் அவன் அழவில்லை. அவனை வளர்த்தவள் நான், அந்த அழுகை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. முதலில் ஒரு படகுக்குக் கிடைத்தது, இப்போது ரூபிக்குக் கிடைத்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் லிஃப்டில் இறங்கி ஓவன் ரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.